பின்சீட்டு வைத்தியம்

மருத்துவமனை வாசலில் டாக்ஸி ஓட்டுகிறவனுக்கு, டாக்டர் யார், நோயாளியைப் பார்க்க வந்தவர் யார் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். பழப்பையோடு விறுவிறுவென்று உள்ளே போகிறவர் பார்க்க வந்தவர். வெறுங்கையோடு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு, பாதிக் கண்ணை மூடியபடி வெளியே வருகிறவர் டாக்டர். கார்க் கதவைத் திறக்கும்போதே கொட்டாவி வரும், கூடவே மருந்துச் சோப்பு வாசனையும் வரும். வரிசையில் அப்படி ஒருவர் என் வண்டிக்கு வாய்த்துவிட்டால் எனக்கு லாட்டரி அடித்த மாதிரி.

அவர் பெல்ட்டை மாட்டி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிடுவேன்.

"டாக்டர்தானே? பாத்தாலே தெரியுதுங்க. ஒரே ஒரு சந்தேகம், தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைத்தால்தான் என்ன செய்துவிட முடியும்? வண்டி என் கையில் இருக்கிறது. மனிதர் இறங்கி ஓடலாம் என்று பார்த்தால் பாலம் வந்துவிடும். பாலம் தாண்டினால் சிக்னல், அதுவும் நம்மூர் சிக்னல், சிவப்பில் நின்றால் நின்றதுதான். ஒரு முழு வைத்தியத்துக்கு அது தாராளமாகப் போதும். பதில் நீளமாகப் போனால் நான் சந்தைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவேன். அந்தச் சுற்றுக்கு வாடகை வாங்க மாட்டேன். நானும் நாலு பேரைப் போல நியாயம் தெரிந்தவன்தான்.

எல்லாம் என் மகளுக்காக. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் உண்டு, வீட்டில் அவள் மிளகு. ஆள் அவ்வளவுதான் இருப்பாள், வாயைத் திறந்தால் காரம்.

அரசாங்கம் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு அட்டை கொடுத்திருந்தது. அதைக் காட்டினால் குடும்ப டாக்டரிடம் காசில்லாமல் காட்டலாம். அந்த ஆறு வருஷத்தில் இவள் ஒரு தும்மலாவது தும்மினாளா என்றால், கிடையாது. மழையில் நனைவாள், சேற்றில் உருளுவாள், எதிர்வீட்டு நாயின் பிஸ்கட்டைப் பாதி கடித்து மீதியை நாய்க்குக் கொடுப்பாள். நாய்க்குத்தான் வயிறு கெட்டது. அட்டை பீரோவுக்குள் புத்தம் புதிதாகத் தூங்கியது. ஆறாவது பிறந்தநாள் கேக்கின் மிச்சம் ஃப்ரிட்ஜில் இருக்கும்போதே இருமத் தொடங்கினாள். அட்டை செல்லாது, பிள்ளைக்கு இருமல். இதற்குப் பெயர்தான் நேரம்.

"ஒரு தடவ காசு குடுத்தாவது காட்டிருவோங்க," என்றாள் என் வீட்டுக்காரி. அவள் ஒரு ஓட்டலில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாளெல்லாம் போர்வையும் மெத்தைவிரிப்பும் மடித்துவிட்டு வந்து, தலையணையில் தலை பட்டதும் தூங்கிவிடுவாள். பக்கத்தில் இடி விழுந்தாலும் "அப்புறம் மடிக்கிறேன்" என்பாள்.

"எதுக்கு?" என்றேன் நான். "தெனமும் என் வண்டியில டாக்டர் டாக்டரா ஏறுறாங்க. வெண்ணெயக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையச் சொல்றியா?"

சும்மா சொல்லக்கூடாது, எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. குடும்ப டாக்டர் என்றால் ஒரே ஒரு ஆள். என்னிடமோ ஒரு மருத்துவமனையே இருந்தது. எலும்பு டாக்டர், "பிள்ளையை நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்க" என்றார். தோல் டாக்டர் வீட்டில் பூனை இருக்கிறதா என்று கேட்டார். பல் டாக்டர் ஒருத்தி, "ராத்திரி பல் தேய்க்கிறாளா?" என்று கேட்டுவிட்டு, என்னுடைய பல்லைக் கண்ணாடியில் பார்த்து முகம் சுளித்தாள். பயிற்சி டாக்டர் ஒரு பையன், பதில் சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டான். தூக்கத்திலும் சரியாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

ஆனால் யாராக இருந்தாலும், விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு கேள்வி கேட்டார்கள். "ராத்திரியில இருமுறாளா? இருமல்ல தூக்கம் கெடுதா?"

"இல்லீங்க டாக்டர். முன்னாடி இருந்துச்சு, இப்ப சுத்தமா இல்ல. படுத்தா காலைலதான்."

"அப்ப பயப்பட வேண்டாம். பகல்ல வர்ற இருமல் தூசியா இருக்கும். பாத்துக்கலாம்."

அந்தப் 'பயப்பட வேண்டாம்' என்ற சொல்லுக்காகத்தான் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவர் சொன்னால் இரண்டு நாள் தாங்கும். அப்புறம் மிளகு மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, அவிழாத ஷூ லேஸைக் குனிந்து கட்டுவாள். மறுபடி வண்டியை மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவேன்.

இதற்கு நடுவில் புதிதாக ஒன்று முளைத்தது. ராத்திரியில் நடுவில் எழுந்து பாத்ரூம் போக ஆரம்பித்தாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. அரைத்தூக்கத்தில் குழாய் ஓடும் சத்தம் எனக்குக் கேட்கும். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் படியில் மறித்து, "உங்க வீட்ல ராத்திரி யாரு துணி துவைக்கிறது?" என்று கேட்டார். நான் சும்மா இருப்பேனா? மறுநாளே ஒரு சிறுநீரக டாக்டரை மடக்கிப் பிடித்தேன். வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவரிடம் டீ வாங்கித் தருகிறேன் என்று சொல்லித்தான் அவரை என் வண்டியில் ஏற்ற முடிந்தது.

"சாயங்காலத்துக்கு மேல தண்ணி கொறச்சுப் பாருங்க," என்றார் அவர்.

பார்த்தேன். பொழுது சாய்ந்ததும் தண்ணீர் ஜாடியை எடுத்து அலமாரி மேலே வைத்துவிடுவேன். "தண்ணி குடுப்பா" என்று கேட்டால், "டாக்டர் சொல்லிருக்காரு" என்பேன். பெருமையாக இருக்கும், என்னவோ நானே படித்துப் பட்டம் வாங்கின மாதிரி.

ஸ்டாண்டில் என் புகழ் பரவிவிட்டது. எங்கள் வரிசையில் தாடி என்று ஒரு டிரைவர் இருக்கிறான். தாடியை எடுத்து நாளாகிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. அவன் ஒருநாள் முழங்காலை நீட்டிக்கொண்டு என் வண்டி ஜன்னலுக்கு வந்தான்.

"மாப்ள, எலும்பு டாக்டர் ஏறினா எனக்கும் ஒரு வார்த்த கேளு."

கேட்டேன். அப்புறம் டீக்கடைக்காரரின் நெஞ்செரிச்சல், காவலாளியின் காது இரைச்சல் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, ஏறுகிற டாக்டருக்குத் தகுந்த மாதிரி எடுத்துவிடுவேன். ஒருநாள் அவசரத்தில் தாடியின் முழங்காலையும் காவலாளியின் காதையும் மாற்றிச் சொல்லிவிட்டேன். தாடி நாலு நாள் முழங்காலில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு திரிந்தான். குணமாகிவிட்டது என்று அவன் சொன்னதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என் வீட்டுக்காரி கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆயிரம் பேரக் கொன்னவன்தான் அரை வைத்தியனாம். உங்களுக்கு இன்னும் எத்தன பேரு பாக்கி?"

"வாயுள்ள பிள்ளை பொழைக்கும்டி."

"பொழைக்கட்டும். வாயில்லாத பிள்ளைக்கு யாரு?"

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் யோசிக்கவில்லை. பதிலுக்குப் பதில் சொல்வதில்தான் எனக்கு எப்போதும் குறி.

அட்டை விஷயமாகப் புதுச் செய்தி வந்தபோது வண்டியில் ஒரு கண் டாக்டர் அம்மா இருந்தார். வாரத்தில் ஒருநாளாவது என் வண்டியில்தான் வீட்டுக்குப் போவார். பாவம், வேறு வண்டிக்கு மாறத் தெரியாத நல்ல மனுஷி. ரேடியோவில், இலவசக் குடும்ப டாக்டர் திட்டத்தை எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் விரிவுபடுத்தியிருக்கிறார்கள், பெயரைப் பதிந்துகொண்டால் போதும் என்று ஒரு பெண் படபடவென்று வாசித்தாள். மிளகுக்கு ஏழு வயது.

"கேட்டீங்களா?" என்றார் பின்சீட்டிலிருந்து அந்த அம்மா. குரலில் அப்படி ஒரு நிம்மதி. "உங்க பொண்ணக் கூட்டிட்டுப் போங்க."

"அதான் நீங்கள்லாம் இருக்கீங்களே டாக்டர்."

"நான் கண் டாக்டர்ங்க. அதோட..." கொஞ்சம் தயங்கினார். "நான் உங்க பொண்ணப் பாத்ததே இல்லயே. உங்களத்தானே பாக்குறேன். அதுவும் பின்னந்தலைய."

எனக்குச் சுருக்கென்றது. கோபம்தான் வந்தது, வெட்கத்துக்கு முன்னால் எனக்கு எப்போதும் அதுதான் வரும். அன்றைக்குச் சந்தைப் பக்கம் சுற்றாமல் நேர்வழியில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன்.

வீட்டுக்குப் போவதற்குள் என் வீட்டுக்காரி பெயரைப் பதிந்தே விட்டிருந்தாள். ஓட்டலில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனிலேயே முடித்துவிட்டாளாம். டாக்டர் பார்க்கிற நாளும் கிடைத்துவிட்டது. அவளுக்கு அன்றைக்கு லீவு இல்லை.

"நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். போய் டாக்டருக்கு வைத்தியம் சொல்லிக் குடுக்காம வாங்க."

எங்கள் தெருக்கோடியில்தான் அந்தக் குடும்ப டாக்டரின் கிளினிக். அந்த அம்மாவை எனக்கு ஆகவே ஆகாது. காரணம் வேறொன்றும் இல்லை, சைக்கிளில் வருவார். மழையானால் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு சைக்கிளிலேயே வருவார். என் வண்டியில் ஒருநாளும் ஏறாத டாக்டர் ஊரிலேயே அவர் ஒருத்தர்தான். அப்படிப்பட்டவரிடம் போய்க் கைகட்டி உட்கார வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

உள்ளே போனால் கல்யாண வீட்டுக் கூட்டம். அதுவரை அங்கே மடியில் தூக்கிவரும் குழந்தைகளைத்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது. நாற்காலியெல்லாம் முழங்கால் உயரம். அதில் முன்பல் விழுந்து புதுப்பல் முளைத்த ஏழு வயது ஆசாமிகள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மர யானைக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தான், முகத்தில் அப்படி ஒரு அலட்சியம். அம்மாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இத்தனை நாள் வீட்டிலேயே வைத்திருந்த வலி, அரிப்பு, காய்ச்சல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் மாதிரி இருந்தது. வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு முகம் பேயறைந்தது போல் இருந்தது.

"உக்காருங்க, கூப்பிடுவோம்," என்றாள் அவள்.

"எங்கம்மா உக்கார?"

"நில்லுங்க, கூப்பிடுவோம்."

மிளகு என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்தால் நடுவில் புகுந்து நாலு பேரை அதட்டிவிட்டு வருவாள். அன்றைக்கு என்மேல் சாய்ந்து நின்றாள். வீட்டிலிருந்து தெருக்கோடி வரை நடந்ததற்கே மூச்சு வாங்கியது. அவள் விலா ஏறி இறங்குவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. வண்டியில் அத்தனை பேரிடம் வாங்கிச் சேர்த்திருந்த 'பயப்பட வேண்டாம்' ஒன்றுகூட அப்போது கைகொடுக்கவில்லை.

கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா மேசைக்குப் பின்னால் உட்காராமல், மிளகுக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் நிறுத்துவது எனக்கு வராது. இருமல் தொடங்கிய நாள் முதல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எந்த டாக்டர் எந்தச் சிக்னலில் என்ன சொன்னார் என்பதையும் விடவில்லை. எலும்பு, தோல், பல், சிறுநீரகம். ராத்திரி இருமல் இல்லை என்பதை அழுத்திச் சொன்னேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதுதான் என்று எனக்குத் தெரியுமே. பாத்ரூம் விஷயத்தையும் சொன்னேன், தண்ணீர் ஜாடியையும் சொன்னேன்.

டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ரொம்ப விவரமா சொல்றீங்க," என்றார். "இனிமே இவ சொல்லட்டும்."

"அவ சின்னப் பொண்ணுங்க. நான் சொன்னா..."

"வாயத் தொறங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்களே."

"தொறங்க, பாத்துருவோம்."

திறந்தேன். ஒரு தெர்மாமீட்டரை என் நாக்குக்கு அடியில் வைத்து, மோவாயைத் தட்டி வாயை மூடிவிட்டார். "சத்தம் வர்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா மறுபடி மொதல்லேர்ந்து வைக்கணும்."

மிளகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சிரிப்பு இருமலாக மாறியது. டாக்டரம்மா அது அடங்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி இருமல் வருமா கண்ணு?"

மிளகு என்னைப் பார்த்தாள். வாயில் தெர்மாமீட்டரோடு நான் அவளுக்காகத் தலையை ஆட்டினேன், 'வராது' என்று.

"அப்பாவப் பாக்காத. என்னப் பாத்துச் சொல்லு."

"சொன்னா அப்பாக்குத் தெரிஞ்சிடுமே."

"தெரிஞ்சா என்ன?"

"அப்பா தூங்க மாட்டாரு. முன்னாடி நான் இருமினா எழுந்து உக்காந்துக்குவாரு. தூங்காம வண்டி ஓட்டினா எங்கயாவது மோதிருவீங்கன்னு அம்மா அப்பாகிட்ட சொன்னாங்க. நான் கேட்டேன்."

"அப்ப இருமல் வந்தா நீ என்ன பண்ணுவ?"

"பாத்ரூம் போயிருவேன். கொழாயத் தொறந்துவிட்டுட்டு இருமுவேன், அப்ப கேக்காது. ரொம்ப வந்தா துண்ட வாயில வச்சுக்குவேன். நின்னதும் வந்து படுத்துக்குவேன்."

"தெனமுமா?"

"லீவு நாள்லயுந்தான்," என்றாள், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு சொல்கிற குரலில்.

"தொண்ட காஞ்சு போகுமே. தண்ணி குடிப்பியா?"

"தண்ணி மேல இருக்கும். சாயங்காலத்துக்கு அப்புறம் தரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு."

"எந்த டாக்டர்?"

"அப்பா வண்டியில வந்த டாக்டர்."

தெர்மாமீட்டர் பீப் என்று கத்தியது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் பேச வேண்டும். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஊரில் இருக்கிற டாக்டரையெல்லாம் மறித்து மறித்துக் கேட்டவன், என் பக்கத்துப் படுக்கையில் படுத்திருக்கிற பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லையே. எனக்காக என் மகள் துண்டைக் கடித்துக்கொண்டு இருமியிருக்கிறாள். நான் அந்தக் குழாய்ச் சத்தத்துக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். என்னை நானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

டாக்டரம்மாவே வந்து தெர்மாமீட்டரை எடுத்தார். "காய்ச்சல் இல்ல," என்றார் என்னிடம்.

அப்புறம் அவள் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். என்னைக் கூப்பிட்டு அதை என் காதிலும் மாட்டிவிட்டார். உள்ளே பழைய கதவு திறக்கிற மாதிரி கீச்சென்று ஒரு சத்தம். ஒரு குழாயைக் கொடுத்து மிளகை ஊதச் சொன்னார். அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாள், குழாயிலிருந்த முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் குடுவையில் இன்ஹேலரைச் செருகி, அதன் முகமூடியால் அவள் மூக்கையும் வாயையும் மூடி மூச்சு இழுக்கச் சொன்னார். காத்திருந்தோம். மறுபடி ஊதச் சொன்னார். முள் விறுவிறுவென்று ஏறியது. மிளகு அந்த முள்ளைப் பார்த்தாள், பிறகு தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"உள்ள எடம் வந்துருச்சு," என்றாள்.

"இது இழுப்பு," என்றார் டாக்டரம்மா. "ஆஸ்துமா. பயப்படணும்னு இல்ல, பாத்துக்கணும். காலைலயும் ராத்திரியும் இத எடுக்கணும். ஓட விடுங்க, குதிக்க விடுங்க. தண்ணிய எறக்கி வைங்க. இதுக்கு மேல மூச்சு வாங்கினா, பேச முடியாம திணறினா, என்கிட்ட கூட வரவேணாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வழி உங்களுக்குத் தெரியும்."

"டாக்டரம்மா," என்றேன். "அத்தன பேரு சொன்னாங்களே, ஒண்ணும் இல்லன்னு..."

"அவங்க யாரும் தப்பா சொல்லல. ராத்திரி இருமல் இல்லன்னு நீங்க சொன்னீங்க. அதுக்கு அந்தப் பதில்தான்."

அம்மாடி! அதற்குப் பதில் அவர் என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

"அடுத்த வாரம் வாங்க. அப்புறம் அடுத்த மாசம்."

"மறுபடியும் வரலாமா?"

"எத்தன தடவ வேணும்னாலும் வரலாம். இவளுக்கு இனிமே அட்டை இருக்குல்ல?"

"எட்டு வயசு ஆயிட்டா?"

டாக்டரம்மா எழுந்து அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவைத் திறந்தார். வெளியே இன்னும் கூட்டம் குறையவில்லை. "ஆறுலேர்ந்து எட்டுக்கு வர நாங்க அரசாங்கத்துகிட்ட போட்ட சத்தம் கொஞ்சமா? அடுத்தது பத்து. உங்களுக்கும் நல்ல வாய் இருக்கு, நீங்களும் வந்து கத்துங்க," என்றார்.

மருந்துக் கடைக்கு நடந்தே போய்விடலாம். நான் நடக்க விடவில்லை. வீட்டு வாசலிலிருந்து வண்டியை எடுத்துவந்து, கதவைத் திறந்துவிட்டு, பெரிய டாக்டரை ஏற்றுகிற மரியாதையோடு அவளைப் பின்சீட்டில் ஏற்றினேன். மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வண்டி அவ்வளவு அமைதியாக ஓடி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கண்ணாடியில் பார்த்தேன். அவளுக்கு இருமல் வந்தது. வந்ததும் கை தானாகப் போய்ச் சட்டைக் கையை இழுத்து வாயில் அடைத்தது. தோள் மட்டும் குலுங்கியது. சத்தமே இல்லை. பகல் வெளிச்சத்தில், என் கண் முன்னால், எவ்வளவு பழகிய கை அது.

வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அடித்துக்கொள்ளட்டும்.

"கைய எடுடா கண்ணு."

எடுத்தாள்.

"இருமு."

"சத்தமாவா?"

"எவ்வளவு வருதோ அவ்வளவு."

இருமினாள். முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் நெஞ்சிலிருந்து. நான் திரும்பி உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அது முடியும்வரை கேட்டேன். கேட்பதற்கு நன்றாக இல்லை. ஆனாலும் முழுவதையும் கேட்டேன். முடிந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். மடமடவென்று குடித்தாள், பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டாள்.

"அப்பா."

"என்னடா?"

"ராத்திரியும் இருமலாமா?"

"இருமலாம்."

"நீ எழுந்துருவியே."

"எழுந்துருவேன்டி. அதுக்குத்தான அப்பான்னு ஒருத்தன் பக்கத்துல படுத்திருக்கேன்."

"அப்புறம் வண்டி?"

"தூக்கம் வந்தா இதோ இப்படி ஓரமா நிறுத்திட்டுத் தூங்குவேன். டாக்டருங்க எல்லாம் வேற வண்டி பாத்துக்கட்டும்."

நான் சொன்னதை நம்பலாமா என்று என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"நீ எழுந்துக்கலன்னா நான் எழுப்பவா?"

"எழுப்பு. உதைச்சு எழுப்பு."

"சரி," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குத்தான் வண்டியைக் கிளப்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று.